வழிவிட்ட டவுன் பஸ்

காளவாசல் முக்கில் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரியும் நின்றது. அதற்கும் பின்னால் வந்த ஆட்டோ, முந்திப்போக அவ்வளவு இடம் இருந்தும், லாரிக்குப் பின்னால் வரிசையில் போய் நின்றது.

கோபிநாத் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

“மாப்ள, ஆட்டோ நிக்கிதுடா! ஆட்டோ வரிசையில நிக்கிது! இது காளவாசலே இல்ல. வெள்ளக்காரன் ஊருக்குக் காளவாசல்னு போர்டு மாட்டி வச்சிருக்க.”

நான் சிரிக்கவில்லை. அந்த முக்கைக் கம்ப்யூட்டர் திரைக்குள் கொண்டுவர மாசி, பங்குனி இரண்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளும் போயிருந்தன. டீக்கடையின் நீலத் தகரக் கூரை, அதன் ஓரத்தில் தொங்கும் வாழைத்தார், பாதி கிழிந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர், வெயிலில் வெளுத்த பெயின்ட் கடை போர்டு என்று எல்லாமே இருந்த இடத்தில் இருந்தன. இருந்தும் அவன் சொன்னது சரி.

எங்களுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் அக்கா செல்வராணி திரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்தாள்.

“நல்லாத்தேன் இருக்கு. ஆனா நான் பயப்படுறது இதுல இல்லையேடா, பாண்டி.”

கற்றுக்கொண்டது என்று நான் எதையாவது சொல்ல வேண்டுமென்றால், அந்த ஒரு வாக்கியத்திலிருந்து கற்றதைத்தான் சொல்வேன்.

இறங்கித் தள்ளிய வண்டி

இந்தத் தொடருக்குள் இன்றுதான் நுழைகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். என்னிடம் வெளிநாட்டுக் கார் பந்தய விளையாட்டு ஒன்று இருந்தது. அதில் ஒரு நகரம், தெருக்களில் தாமாக ஓடும் வண்டிகள், நம்மைத் துரத்த ஒரு போலீஸ் கார். அதன் கோப்புகளைப் பிரித்து, அந்த நகரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த இடத்தில் மதுரையைப் பொருத்துவது எங்கள் வேலை. இதை மோட் என்பார்கள். ரெடிமேட் சட்டையைத் தையல்காரரிடம் கொடுத்துக் கையைக் குறைத்து இடுப்பைப் பிடித்துப் போட்டுக்கொள்வதில்லையா, அது மாதிரி.

நான் அப்போது காளவாசலில் ஒரு மாடிக் கடையில் கல்யாணப் பத்திரிகைகளைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தேன். கோபிநாத் அதே கடையில் டிசைனர். மகால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் தொழில். ஒரு சுவரைப் பார்த்தால் அது எந்த மழையில் நனைந்த மஞ்சள் என்று சொல்லக்கூடியவன். மோட்டில் சுவர், போஸ்டர், வானமெல்லாம் அவனுடையவை. எண்களும் கோப்புகளும் என்னுடையவை.

அந்த வருஷம் அக்கா எங்களோடு விளாங்குடி வீட்டில் இருந்தாள். பைபாஸ் ரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மச்சான் திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். அவர் கப்பலூர்ப் பக்கம் வேலை தேடிக்கொண்டிருந்தார். கிடைத்தால் இரண்டு பேரும் மதுரையிலேயே குடியிருப்பது என்று பேச்சு.

ஜூன் மாதத்திலிருந்து பத்தாம் வகுப்புக்குக் காலையில் சிறப்பு வகுப்பு எடுக்க வேண்டும், ஏழரைக்குள் வந்துவிட வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். விளாங்குடியிலிருந்து பஸ் மாறிப் போய் அந்த நேரத்தைப் பிடிக்க வழியில்லை. அதனால் ஒரு பழைய மொபட் வந்தது.

பரவை மார்க்கெட் ரோட்டில் அக்கா அதை அழகாக ஓட்டினாள். லைசென்ஸும் வாங்கிவிட்டாள். அரப்பாளையம் தாண்டிக் காளவாசலைக் கண்டதும் இன்ஜினை அணைப்பாள். இறங்கி, முந்தானையை இடுப்பில் செருகி, வண்டியைத் தள்ளிக்கொண்டே முக்கைக் கடப்பாள். அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறி உட்காருவாள்.

ஒருநாள் போக்குவரத்துக் காவலர் அவளை நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டார். “ஏம்மா, எறங்குனா நீ நடந்து போற ஆளு. ஏறுனா நீ வண்டி. நான் யாருக்குன்னு கைய காட்ட? ரெண்டுல ஒன்ன முடிவு பண்ணு தாயி.”

அவர் சொன்ன மாதிரியே பேசிக்காட்டி வீட்டில் எங்களையெல்லாம் சிரிக்க வைத்தாள். அடுத்த வாரம், தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு லாரி வண்டியின் கண்ணாடியைத் தட்டிப் பெயர்த்துக்கொண்டு போனது. அன்றைக்கு அவள் யார் மாதிரியும் பேசிக்காட்டவில்லை.

மச்சானிடமிருந்து போன் வந்தது. எதிர்வீட்டு எஸ்.டி.டி. பூத்தில் அக்கா பேச, நான் வெளியே நின்றேன். அவர் சொன்னதை அவளே பிறகு சொன்னாள்: “ஜூன் முத வாரம் பாரு. வண்டியில ஒக்காந்து காளவாசலத் தாண்ட முடிஞ்சா சரி. முடியலேன்னா வேலைய விட்டுட்டு இங்க வந்துரு. எனக்கு ஒன் கைகாலு முக்கியம்.”

அவர் பேச்சில் தப்பில்லை. அதனாலேயே அக்காவால் சண்டை போடவும் முடியவில்லை. “ஒரு வருசமாத்தேன்டா என்னய டீச்சர்னு கூப்புடுறாங்க. நல்லா இருக்குடா அது,” என்றாள்.

“அக்கா, காளவாசல நான் வீட்டுக்குக் கொண்டு வாரேன். கீழ விழுகாம, அடிபடாமப் பழகிக்க,” என்றேன்.

கொண்டும் வந்தேன். ஆனால் அவள் பயப்படுவது அதில் இல்லையாம்.

நாளைப் பற்றி

இதெல்லாம் எந்த வருஷம் என்று கேட்டு எழுதும் வாசகர்கள் உண்டு. நாள் விஷயத்தில் எனக்கே ஒரு கிறுக்கு உண்டு. வைகையில் எப்போது தண்ணீர் வந்தது, எங்கள் தெருவுக்கு எப்போது தார் போட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

எங்கள் கம்ப்யூட்டருக்கு அந்தக் கிறுக்கு இல்லை. உள்ளே நாளையும் நேரத்தையும் காத்துவரும் பொத்தான் செல் செத்துப்போயிருந்தது. ஒவ்வொரு முறை கரண்ட் போய்த் திரும்பும்போதும் அதற்கு 1980 ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்துவிடும். நாளைத் திருத்திவைப்பேன்; மத்தியானம் மறுபடி கரண்ட் போகும். கொஞ்ச நாளில் கை ஓய்ந்துவிட்டது. கோப்புகளின் சாட்சியத்தை நம்புவதென்றால், மொத்தக் காளவாசலையும் ஒரு புத்தாண்டு நாளில், எழுதப் படிக்கத் தெரியாத வயதில், நானும் கோபியும் கட்டி முடித்திருக்கிறோம்.

அதனால் வேறு சாட்சிகளைக் கூப்பிடுகிறேன். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கேசட் கடைகள் எல்லாம் சி.டி. கடைகளாகியிருந்தன. செல்போன் வைத்திருந்தவர்கள் அதைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி வைத்திருந்த காலம். இதற்குமேல் நெருக்கிக் கேட்டால் என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாத வருஷத்தை எழுத எனக்கு மனம் வராது.

போச்சு டா

நான் முதன்முதலில் ஒரு விளையாட்டைப் பிரித்தது அதற்கும் முன்னால், தொண்ணூறுகளின் நடுவில்.

கே.கே. நகரில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம். கோயிலுக்குள் போவதுபோலச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏ.சி. அறையில் புதுக் கம்பளத்தின் ரப்பர் வாசனை வரும். நாங்கள் டைப் அடித்துப் பழகவேண்டிய நேரத்தில், பிளாப்பியில் இருந்த ஒரு சின்னக் கார் விளையாட்டை ஆடிக்கொண்டிருப்போம். மோதினால் திரையில் ‘கேம் ஓவர்’ என்று வரும்.

ஒருநாள் சும்மா அந்த விளையாட்டின் கோப்பைத் திறந்து பார்த்தேன். கட்டங்களும் கொக்கிகளும் சிரித்த முகங்களுமாக ஒன்றும் புரியாத குப்பை. அந்தக் குப்பைக்கு நடுவே, வைக்கோல் போரில் விழுந்த காசு மாதிரி, ‘கேம் ஓவர்’ என்ற ஆங்கில எழுத்துகள் மட்டும் அப்படியே கிடந்தன. அதே அளவு இடத்தில் அடங்கும்படி ஆங்கில எழுத்தில் ‘போச்சு டா’ என்று அடித்துச் சேமித்தேன். ஓர் எழுத்து கூடியிருந்தாலும் விளையாட்டு திறந்திருக்காது. திறந்தது.

அன்றைக்கு முதலில் மோதியது எங்கள் பயிற்சியாளர். “யார்ரா இத மாத்துனது?” என்று அறையே அதிரக் கத்தினார். அவர் மறுபடி உட்கார்ந்தார். வேண்டுமென்றே காரைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதினார். ‘போச்சு டா’ வந்தது. அவர் தோள் குலுங்கியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

எங்கோ, யாரோ, எங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள் செய்து முடித்த ஒரு பொருளுக்குள் நம் ஊர்ப் பேச்சு போய் உட்கார முடியும் என்பது அன்று தெரிந்தது. அதற்குப் பிறகு எந்த விளையாட்டையும் என்னால் வெறுமனே ஆட முடிந்ததில்லை. திறந்து பார்க்காமல் கை சும்மா இருக்காது.

மேசைமேல் ஓர் அணை

இந்த ஆசைக்கு விதை எங்கே என்று யோசித்தால், கம்ப்யூட்டருக்கெல்லாம் முன்னால், தமுக்கம் மைதானத்தில் போய் நிற்கிறேன்.

சித்திரையில் அங்கே பொருட்காட்சி போடுவார்கள். மற்றவர்கள் ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் ஓடும்போது நான் அரசாங்கத் துறைகளின் அரங்குகளில் நிற்பேன். மேசை அளவில் ஓர் அணை. மோட்டார் வைத்து உண்மையான தண்ணீர் மதகு வழியே விழும். பக்கத்தில் மரத்தூளில் பச்சைச் சாயம் தோய்த்த வயல், தீக்குச்சிக் கம்பங்கள், மின்மினிப் பல்பு எரியும் வீடுகள். மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்தில் வானத்தைப் பார்த்து விதைக்கிற குடும்பம் எங்களுடையது. தண்ணீர் நிற்காமல் ஓடும் அந்த வயலைப் பார்க்க அப்பாவும் என்னோடு நிற்பார்.

“எல்லாம் சரியாத்தேன் செஞ்சிருக்கான். வயல்ல ஒரு ஆளக் காணோமே,” என்றார் ஒரு தடவை.

எனக்கு அது அப்போது குறையாகப் படவில்லை. பிற்பாடு நூலகத்தில் பயணக் கட்டுரைகள், நகர வரலாறுகள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தபோதும் கோட்டை மதில் எத்தனை அடி, தெரு எந்தத் திசையில் போகிறது என்பதைத்தான் தேடித்தேடிப் படித்தேன். பழம்பாட்டுக்காரர்கள் இந்த ஊரைப் பாடும்போது அளவைச் சொல்லாமல் இரைச்சலைச் சொன்னார்கள் என்பதை வாசித்தும், அதன்மேல் கண் நிற்காமல் தாண்டிப் போயிருக்கிறேன்.

அக்கா சொன்ன அன்றைக்குத்தான் அப்பா சொன்னதும் ஞாபகம் வந்தது. நாங்கள் கட்டியது மேசைமேல் அணை. காளவாசலில் ஆள் இல்லை.

மாடியிலிருந்து பார்த்தது

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பால்கனியில் நின்று முக்கைப் பார்க்கத் தொடங்கினோம். தினமும் பார்க்கிற இடம்தான். ஆனால் அதுவரை சுவர்களைத்தான் பார்த்திருந்தோம்.

கோபி பேட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து கைப்பிடிச் சுவரில் வைத்தான். பிறகு அறைக்குள் ஃபேனை நிறுத்திவிட்டுப் போட்டுக் கேட்டோம். அதுவரை ஒரே இரைச்சலாக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தது.

“இந்தா, இது கேளு. குட்டியா ரெண்டு தடவ அடிக்கிறான். இது கோவம் இல்ல மாப்ள. ‘வாரேன், வாரேன்’ அம்புட்டுத்தேன்.”

“அடுத்து நீளமா ஒன்னு வருதே?”

“அது உசிலம்பட்டி பஸ்ஸு. ‘நான் நிக்க மாட்டேன், ஒன் இஷ்டம்’.”

அன்று இன்னொன்றும் பார்த்தோம். சைக்கிள் கேரியரில் வாழைத்தாரைக் குறுக்கே கட்டிய ஒருவர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பாமல், ஒரே வேகத்தில், தெப்பம் மிதப்பதுபோல முக்கைக் கடந்தார். வண்டிகள் அவருக்கு முன்னாலும் பின்னாலும் வளைந்து போயின. அடுத்து புது பைக்கில் வந்த ஒருவன் நடுவில் பயந்து சடாரென்று நின்றான். நாலா பக்கமும் அவனைத்தான் ஏசினார்கள்.

“போறதுன்னா போய்த் தொலடா! ஏன்டா நிக்கிற?”

கோபி என்னைப் பார்த்தான். “வெள்ளக்காரன் ஊர்ல நிக்காதவன ஏசுவான். நம்ம ஊர்ல நிக்கிறவன ஏசுறான்.”

இதுதான் நாங்கள் செய்த தவறின் வேர். காளவாசலில் ஒவ்வொருவனும் மற்றவன் எங்கே இருக்கிறான் என்று பார்ப்பதில்லை. அடுத்த நொடி எங்கே இருப்பான் என்று பார்க்கிறான். நின்றுவிட்டால் அந்தக் கணக்கு கெட்டுப்போகிறது. அக்கா இறங்கித் தள்ளியபோது பாதி முக்கின் கணக்கு தினமும் கெட்டுக்கொண்டிருந்தது.

எல்லாரும் போலீஸ்

அந்த விளையாட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் எண்கள் நிறைந்த ஒரு கோப்பு உண்டு. ஹாரன் வெறும் சத்தம். அதைக் கேட்டு எதுவும் அசையாது. போலீஸ் காரின் சைரனுக்கு மட்டும் ஒரு சக்தி வைத்திருந்தார்கள். அது ஒலித்தால் சுற்றியிருக்கிற வண்டிகள் ஒதுங்கும். எவ்வளவு தூரத்துக்கு ஒதுங்கும் என்பது ஓர் எண்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. சைரனின் அந்த வரியை எடுத்து பஸ், லாரி, ஆட்டோ, மொபட் எல்லாவற்றின் ஹாரனிலும் ஒட்டிவிட்டேன்.

ஓடவிட்டோம். ஒரு பஸ் ஹாரன் அடித்தது. சுற்றியிருந்தவை ஒதுங்கின. ஒதுங்கும்போது ஒன்றுக்கொன்று இடைஞ்சலாகி அவையும் ஹாரன் அடித்தன. அதைக் கேட்டு மற்றவை ஒதுங்கின. கொஞ்ச நேரத்தில் மொத்தக் காளவாசலும் ரோட்டோரம் ஒட்டி நிற்க, நடுரோடு வெறிச்சென்று கிடந்தது.

“மந்திரி வாராரு போல,” என்றான் கோபி.

அப்புறம் ஒவ்வொன்றாகக் குறைத்தோம். பஸ்ஸின் ஹாரனுக்கு அதிகம், லாரிக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆட்டோவுக்கு அற்பம். சைக்கிளுக்குக் கிடையாது. எதிர்ப்படும் வண்டிக்காக நிற்க வைக்கும் எச்சரிக்கை எண்ணைப் பாதாளத்துக்கு இறக்கினேன். இனி எதுவும் நிற்காது. நம் வேகத்தை வைத்து நாம் போகும் இடத்தை ஊகித்து வளைந்து போகும். நாம் சடாரென்று நின்றால் ஊகம் பொய்த்து வந்து மோதும்.

மாடு இல்லாமல் முக்கு நிறைவாகாது என்று கோபி அடம்பிடித்தான். புதிதாக ஓர் உயிரைச் சேர்க்க அந்த விளையாட்டில் இடமில்லை. கடைசியில் ஒரு தெருவிளக்குக் கம்பத்துக்கு மாட்டின் உருவத்தை மாட்டி நடுரோட்டில் நிறுத்தினோம். எதற்கும் அசையாது, எந்த ஹாரனுக்கும் திரும்பாது. மொத்தத்தில் அச்சு அசலாக அமைந்தது அதுதான்.

சித்திரை பிறந்து திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவை உட்கார வைத்தோம். அவள் முக்குக்குள் வண்டியை விட்டாள். இரண்டு பக்கமும் ஹாரன்கள், கோபியின் டேப்பிலிருந்து வந்த அசல் ஹாரன்கள், வீட்டை நிறைத்தன. அவள் விரல் பிரேக்கில் இறங்கியது. பஸ் வந்து மோதியது.

அக்கா கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது.

“இது காளவாசல்,” என்றாள்.

“ஒங்க உசிலம்பட்டி பஸ்ஸுதேன்க்கா. தெரிஞ்ச புள்ளனு பாத்து மோதியிருப்பான்,” என்றான் கோபி.

“வாய மூடிட்டு மறுக்காப் போடுடா.”

மே மாதம் முழுக்க ஆடினாள். மோதினாள், சறுக்கினாள், மாட்டில் போய் முட்டினாள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாவுக்கு, மகள் இத்தனை முறை பஸ்ஸில் அடிபடுவது மனசுக்கு ஒப்பவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை உப்பும் மிளகாயும் எடுத்துவந்து கம்ப்யூட்டருக்கே சுற்றிப் போட்டுவிட்டாள். மிளகாய் நெடியில் எல்லோரும் இருமினோம்.

மெல்ல மெல்ல அக்காவின் விரல் பிரேக்கை விட்டு விலகியது. குட்டியாய் இரண்டு ஹாரன், ஒரே சீரான வேகம். முதலில் பாதி முக்கு, பிறகு முழு முக்கு. ஒரு நாள் தாண்டிப் போய் பைபாஸ் ரோட்டுப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, “இங்க ஒரு இளநி கடை இருக்கும். அத ஏன் வைக்கல?” என்று கேட்டாள். குறை சொல்ல நேரம் இருக்கிறது என்றால் பயம் குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் காலை

பள்ளி திறந்த அன்று என்னைக் கூப்பிட்டு, “பின்னாடி வராத. வந்தா நான் ஒன்னயப் பாத்துக்கிட்டே போயி முட்டிருவேன்,” என்றாள்.

நான் பின்னால் போகவில்லை. முன்னால் போனேன். அவசரப் பத்திரிகை வேலை என்று முதலாளியிடம் முதல் நாளே சாவி வாங்கியிருந்தேன். மாடி ஏறினால் கோபி எனக்கு முன்பே ஷட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தான். “எனக்கும் அவசர வேலை,” என்றான்.

அந்த நேரத்தில் சிக்னல் வெறும் மஞ்சளாக மினுக்கிக்கொண்டிருக்கும். காவலர் வந்திருக்க மாட்டார். டீக்கடையிலிருந்து சீனிப்பாகு வாசனை மேலே வந்தது. அரப்பாளையம் பக்கமிருந்து அக்காவின் மொபட் வந்து முக்கின் விளிம்பில் நின்றது. அவள் இடது கால் தரையில் இறங்கியது.

நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள்.

“எறங்கிருவாங்களோ,” என்றான் கோபி. அவள் இறங்கினால் அடுத்த வாரம் திருப்பூர் பஸ் ஏறுவாள் என்று இருவருக்குமே தெரியும்.

குட்டியாக இரண்டு ஹாரன் கேட்டது. கால் மேலே ஏறியது. வண்டி நகர்ந்தது.

மேற்கேயிருந்து வந்த ஆட்டோ அவளுக்குப் பின்னால் வளைந்து போனது. வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. பாதி முக்கு தாண்டிவிட்டாள். அப்போது ஊருக்குள்ளிருந்து, அவளுக்கு இடப்பக்கமாக, ஒரு டவுன் பஸ் வந்தது. நீளமாக ஒரே ஹாரன். நான் நிக்க மாட்டேன். நாங்கள் எழுதிய விதிப்படி அந்த ஹாரனுக்கு எதிர்க்கணக்கே கிடையாது. வீட்டுக் கம்ப்யூட்டரில் அவள் கடைசிவரை தோற்றுக்கொண்டிருந்தது அந்த ஒன்றிடம்தான்.

அக்கா இடது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்தாள். பஸ்ஸின் பக்கம் நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் கவிழ்த்து, ஒரே ஒரு தரம் மெல்ல அமர்த்தினாள். முகம் பஸ்ஸைப் பார்க்கவில்லை. நேராக பைபாஸ் ரோட்டைத்தான் பார்த்தது. பாடம் நடக்கும்போது எழுந்து நிற்கிற பையனை, கரும்பலகையிலிருந்து திரும்பாமலே உட்காரச் சொல்கிற கை அது.

பஸ் முனகிக்கொண்டு வேகம் குறைத்தது. அவள் கடந்துபோனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“மாப்ள,” என்றான் கோபி. “அந்தக் கை நம்மகிட்ட இல்லையேடா.”

கை

சாயங்காலம் அவள் வந்ததும் முதலில் பூத்துக்குப் போனாள். “தாண்டிட்டேன். நீங்க கப்பலூர்லயே வேலையப் பாருங்க.” அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

“ஒன் கேம்ல கை இல்லடா. கைய போடு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோபி அவளை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து அந்தக் கையை வரைந்தான். இரண்டு கண்ணாடி வளையல், ஆள்காட்டி விரலில் சிவப்பு மையின் கறை. ஒரு பட்டனை அழுத்தினால் கை திரையின் இடது ஓரத்தில் எழும்பி, ஒருதரம் அமரும். அதற்கு என்ன சக்தி கொடுப்பது? போலீஸ் சைரனின் அந்தப் பழைய முழு எண், யாருக்கும் பயன்படாமல் கிடந்தது. அதை எடுத்துக் கைக்குக் கொடுத்தேன்.

அக்கா பட்டனை அழுத்தினாள். கை எழுந்தது. பஸ், லாரி, ஆட்டோ எல்லாம், முக்கு முழுக்க, விலகி நின்றன. கோபி கைதட்டினான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அக்கா தலையை ஆட்டினாள். “இம்புட்டுப் பேரு ஒதுங்க மாட்டாங்கடா. பக்கத்துல வர்ற ஒருத்தன் ஒதுங்குனாப் போதும். மத்தவன் அவனப் பாத்துப் போயிருவான்.”

எண்ணைக் குறைத்தேன். ஒரே ஒரு வண்டி ஒதுங்கும் அளவுக்கு.

பிறகு பிரவுசிங் சென்டருக்குக் கோப்பைக் கொண்டுபோய், இதுபோன்ற மோட்களைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு இணையத் தளத்தில் ஏற்றினோம். ஏறி முடிப்பதற்குள் இரண்டு முறை கரண்ட் போனது. கொஞ்ச நாளில், பெயரை வைத்து எந்த நாடு என்று சொல்ல முடியாத ஒருவர் எழுதியிருந்தார். ஊர் அழகாக இருக்கிறது, ஆனால் அதைத் தாண்டவே முடியவில்லை, நின்றால் மோதுகிறார்கள். அந்தக் கையிலும் ஏதோ பிழை இருக்கிறது, அழுத்தினால் ஒரே ஒரு வண்டிதான் விலகுகிறது, சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருந்தார்.

பிழை இல்லை, எங்கள் ஊரில் அவ்வளவுதான் விலகுவார்கள், நிற்காமல் போய்ப் பாருங்கள் என்று பதில் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. தாண்டிவிட்டாராம்.